நைலான் ஆடை: நலமும் கேடும்

(அலோர் காஜாவில், சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து வந்திருந்த குடும்பத்தினர் முன்னிலையில் தகவல் அதிகாரி ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

கேமுனிங், காடேக், தெபோங், ரெம்பியா, டுரியான் துங்கால் ஆகிய பகுதிகளிலிருந்து, வேலை முடிந்த களைப்பையும் பாராது இங்கு வந்திருக்கின்றீர்கள். உங்கள் நேரம் அருமையானது என்பதை நான் அறிவேன். ஆகவே, வீட்டிற்குத் திரும்பியதும் பயன்படக்கூடிய செய்தி ஒன்றைப் பற்றி மட்டுமே பேச விரும்புகின்றேன். அது நாம் உடுத்தும் உடையைப் பற்றியது. அதிலும் குறிப்பாக, நைலான் என்னும் செயற்கை இழையைப் பற்றியது.

அண்மையில் இரவுச் சந்தைக்குச் சென்றிருந்தேன். துணிக்கடை ஒன்றில் தாய் ஒருவர் தம் மகளுக்குத் தீபாவளிக்கென இரண்டு கவுன்களைக் கையில் வைத்துக்கொண்டு, எதை வாங்குவது என்று தயங்கி நின்றார். ஒன்று பளபளப்பாக, பூப்போல மெல்லியதாக இருந்தது. மற்றொன்று சாதாரணப் பருத்தி. "ஐயா, இந்த மினுக்குத் துணி சீக்கிரம் கிழியாது என்கிறார்கள், சாயமும் போகாது என்கிறார்கள். வாங்கலாமா?" என்று என்னைக் கேட்டார். கேள்வி சிறியதுதான். ஆனால், ஒரே வரியில் விடை சொல்ல என்னால் முடியவில்லை. அவருக்கு அன்று சொல்லாமல் விட்டவற்றை எல்லாம் இன்று உங்களிடம் சொல்கின்றேன்.

ஆள் பாதி, ஆடை பாதி என்பது நம் முன்னோர் மொழி. ஆடை அழகைக் கூட்டும், மானத்தைக் காக்கும். அதே ஆடை, அதன் இயல்பை அறியாமல் உடுத்தினால், உடலுக்கும் உயிருக்கும் ஊறு செய்யவும் கூடும்.

ஒரே ஆண்டில் தோன்றிய இரண்டு கதைகள்

நைலானின் வரலாற்றைத் தொடங்குவதற்கு முன், நமது மலாக்கா மாநிலத்தின் வரலாற்றில் ஓர் ஆண்டை நினைவுபடுத்த விரும்புகின்றேன். 1896ஆம் ஆண்டில், புக்கிட் லிந்தாங் என்னும் இடத்தில் தான் சாய் யான் என்பவர் வாணிப நோக்கத்துடன் ரப்பர் மரங்களை நட்டார். இந்நாட்டின் ரப்பர்த் தோட்டத் தொழிலுக்கு அதுவே தொடக்கம். நம் பாட்டன், முப்பாட்டன்மார் கப்பலேறி இந்த மண்ணுக்கு வந்ததும், நாம் இன்று இங்கே அமர்ந்திருப்பதும் அந்த மரத்தின் பயனால்தான்.

அதே 1896ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வாலஸ் கரோதர்ஸ் என்னும் குழந்தை பிறந்தது. வளர்ந்து வேதியியல் அறிஞரான அவர், 1928ஆம் ஆண்டில் டூபாண்ட் நிறுவனத்தின் ஆராய்ச்சிக் கூடத்தில் பணியில் சேர்ந்தார். 1930ஆம் ஆண்டில் அவருடைய குழுவினர் நியோபிரீன் என்னும் செயற்கை ரப்பரைக் கண்டுபிடித்தனர். பின்னர், 1935ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள், நாம் இப்பொழுது நைலான் என்று அழைக்கும் பொருள் அங்கு முதன்முதலாக உருவாயிற்று. ஆனால், அதன் புகழைக் காண அவர் இருக்கவில்லை. 1937ஆம் ஆண்டில், 41ஆம் வயதில் அவர் மறைந்தார். அதற்கு அடுத்த ஆண்டில்தான் நைலான் என்னும் பெயரே உலகுக்கு அறிவிக்கப்பட்டது.

அதே 1938ஆம் ஆண்டில் செர்மானிய நாட்டில் பால் ஷ்லாக் என்னும் அறிஞர் வேறொரு முறையில் இதைப் போன்ற இழையைச் செய்தார். ஆகவே, நைலானில் இருவகை உண்டு. அமெரிக்கர் செய்தது நைலான் 66. செர்மானியர் செய்தது நைலான் 6. இரண்டும் உடன்பிறந்தவை போன்றவை. குணத்தில் பெரிதும் ஒத்திருக்கும்; சூட்டைத் தாங்குவதில் மட்டும் 66 சற்று உயர்ந்தது.

முதலில் பல் துலக்கும் தூரிகையின் மயிராக நைலான் வெளிவந்தது. 1940ஆம் ஆண்டு மே மாதத்தில் பெண்கள் அணியும் நீண்ட காலுறையாக அமெரிக்கக் கடைகளில் விற்பனைக்கு வந்தபோது, மக்கள் வரிசையில் நின்று வாங்கினர். அதுவரையில் அவ்வகைக் காலுறைக்கு ஜப்பானியப் பட்டையே அவர்கள் நம்பியிருந்தனர். பின்னர்ப் போர் மூண்டது. ஜப்பானிலிருந்து பட்டு வருவது நின்றது. 1942ஆம் ஆண்டில் மலாயா ஜப்பானியர் கைவசமானதும், இங்கிருந்து ரப்பர் செல்வதும் நின்றது. பட்டின் இடத்தை நைலானும், இயற்கை ரப்பரின் இடத்தைச் செயற்கை ரப்பரும் நிரப்பின. நைலான் முழுவதும் படைத்துறைக்கென ஒதுக்கப்பட்டது; பாராசூட், கயிறு, விமான டயர் ஆகியவற்றுக்குப் பயன்பட்டது. போர் முடிந்த பிறகே அது மீண்டும் ஆடையாக மக்களிடம் வந்தது. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் நைலான் புடவை, நைலக்ஸ் புடவை என்னும் பெயர்கள் நம் வீடுகளில் எவ்வளவு பழகிப்போயிருந்தன என்பதை இங்குள்ள மூத்த தாய்மார்கள் நன்கு அறிவார்கள்.

பாகும் இழையும்

இனி, நைலான் எவ்வாறு செய்யப்படுகிறது என்று பார்ப்போம். பருத்தி செடியில் விளைகிறது. பட்டைப் புழு நூற்கிறது. நைலானோ ஆலையில் பிறக்கிறது. அதற்கு வேண்டிய மூலப்பொருள்கள் பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்து கிடைக்கின்றன.

பள்ளிப் பிள்ளைகள் கைகோத்து வரிசையாக நிற்பதை மனக்கண்ணால் பாருங்கள். ஆண்பிள்ளை ஒருவன், அடுத்துப் பெண்பிள்ளை ஒருத்தி, மீண்டும் ஆண்பிள்ளை ஒருவன் என்று மாறி மாறி நின்றால் நீண்ட சங்கிலி ஒன்று உண்டாகும் அன்றோ? நைலான் 66 அவ்வாறே உண்டாகிறது. இரண்டு வேதிப் பொருள்களின் நுண்துகள்கள் ஒன்று மாற்றி ஒன்றாகக் கைகோக்கின்றன. இரண்டிலும் ஆறு ஆறு கரி அணுக்கள் இருப்பதாலேயே 66 என்னும் எண் வந்தது. நைலான் 6இல் ஒரே பொருள்தான். அதில் ஆறு கரி அணுக்கள் உள்ளன.

இந்தச் சங்கிலிப் பொருளை உருக்கிப் பாகாக்குகின்றனர். தாய்மார்களே, நீங்கள் அதிரசத்துக்குப் பாகு காய்ச்சும்போது, விரலில் தொட்டுக் கம்பிப் பதம் பார்ப்பீர்கள். பாகு நூல்போல் நீளும். நைலான் பாகையும் அவ்வாறே மிக நுண்ணிய துளைகளுள்ள தட்டின் வழியே அழுத்தி வெளியேற்றுகின்றனர். காற்றுப் பட்டதும் அது இறுகி நூலாகிறது. அந்த நூலை அப்படியே விட்டால் வலிமை இராது. அதை அதன் நீளத்தைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு இழுக்கின்றனர். அப்போது தாறுமாறாகக் கிடந்த சங்கிலிகள் ஒன்றையொன்று ஒட்டி நேராக அடுக்கப்படுகின்றன. நைலானின் வலிமையின் மறைபொருள் இதுதான்.

நூலின் பருமனை டெனியர் என்னும் அளவால் குறிக்கின்றனர். 9000 மீட்டர் நீளமுள்ள நூல் எத்தனை கிராம் எடையுள்ளதோ, அத்தனை டெனியர். மெல்லிய காலுறை நூல் 15 டெனியர். அலோர் காஜாவிலிருந்து மலாக்கா நகர் ஏறத்தாழ 24 கிலோமீட்டர். அவ்வளவு தொலைவுக்கும் அந்த நூலை ஒற்றை இழையாக நீட்டினால், அதன் மொத்த எடை 40 கிராம்தான்! ஒரு கோழி முட்டையின் எடைகூட இராது.

நைலானின் நற்பண்புகள்

முதலாவது, வலிமை. உரசலைத் தாங்குவதில் நைலானுக்கு நிகரான ஆடை இழைகள் மிகச் சில. காலுறையின் குதிகால் விரைவில் தேய்வதைத் தடுக்கப் பருத்தியுடன் சிறிதளவு நைலான் சேர்ப்பது இதனால்தான். பள்ளிப் பை, காலணியின் நாடா, குடைத்துணி, மழைச்சட்டை ஆகியவற்றுக்கும் இதுவே ஏற்றது.

இரண்டாவது, இலேசான தன்மை. ஒரே பருமனுள்ள பருத்தி இழையைவிட நைலான் இழை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு எடை குறைந்தது.

மூன்றாவது, மீள்தன்மை. இழுத்தால் நீளும், விட்டால் பழைய நிலைக்குத் திரும்பும். ஆதலால் எளிதில் கசங்குவதில்லை. விளையாட்டு உடைக்கும் நீச்சல் உடைக்கும் இது பொருத்தமானது.

நான்காவது, விரைவில் உலர்தல். உலர்ந்த பருத்தி 100 கிராம், சாதாரணக் காற்றிலிருந்து ஏறத்தாழ 8 கிராம் ஈரத்தை ஈர்த்துக்கொள்ளும். நைலான் 4 கிராம் ஈர்க்கும். பாலியெஸ்டரோ அரை கிராம் அளவே ஈர்க்கும். மாலையில் துவைத்துப் போட்ட நைலான் சட்டை, மழைக்காலத்திலும் காலைக்குள் உலர்ந்துவிடும்.

ஐந்தாவது, பூஞ்சணமும் பூச்சியும் இதை எளிதில் அரிப்பதில்லை. பெட்டியில் நெடுநாள் வைத்தாலும் பட்டைப் போலவோ கம்பளியைப் போலவோ அந்துப்பூச்சிக்கு இரையாவதில்லை.

அறிய வேண்டிய குறைகள்

நாணயத்துக்கு இரு பக்கங்கள் உண்டு. ஈரத்தைக் குறைவாக ஈர்ப்பது துவைப்பவருக்கு நன்மை. உடுத்துபவருக்கு அதுவே குறை. நம் நாடு வெப்பமும் ஈரமும் மிகுந்த நாடு. வியர்வை துணியில் ஏறாமல் தோலிலேயே தங்கினால் புழுக்கமும் வேர்க்குருவும் உண்டாகும். கைக்குழந்தைகளுக்கும், வெயிலில் வேலை செய்வோருக்கும், இறுக்கமான உள்ளாடைக்கும் பருத்தியே நல்லது. நெருக்கமாக நெய்த நைலான் சட்டையை அணிந்துகொண்டு நண்பகலில் செம்பனைக் குலை அறுப்பவர், தம் உடலுக்குத் தாமே மூடி போட்டுக்கொள்கின்றார் என்றே சொல்ல வேண்டும்.

வெயிலும் நைலானுக்குப் பகை. நாள்தோறும் கடும் வெயிலில் காயப்போட்டால் வெள்ளை மஞ்சளாகும். இழையின் வலிமையும் குன்றும். குளோரின் கலந்த வெளுப்பு நீரும் அதைக் கெடுக்கும். மேலும், வெள்ளை நைலான் பிற துணிகளின் சாயத்தை மிக எளிதில் ஏற்றுக்கொள்ளும். சிவப்புக் கைலியோடு ஊறப்போட்ட வெள்ளைச் சட்டை இளஞ்சிவப்பாகி வருவதைக் கண்டு வருந்தியோர் பலர்.

இவையெல்லாம் பொருளுக்கு ஏற்படும் இழப்புகள். உயிருக்கு இழப்பு உண்டாக்கும் குறை ஒன்று உண்டு. அதை இப்பொழுது கூறுகின்றேன்.

நெருப்பின் முன் நைலான்

நான் ஆசிரியப் பயிற்சியில் இருந்த காலம். தீபாவளிக்கு முதல் நாள் மாலை. தோட்டத்து லயன் வீட்டில் என் சின்னம்மா முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்தார். பண்டிகைக்கென வாங்கிய மெல்லிய நைலான் புடவையை, அன்று மாலையே ஆசையோடு கட்டியிருந்தார். அடுப்புக்கு அப்பால் இருந்த தட்டை எடுக்கக் குனிந்தபோது முந்தானை நழுவி நெருப்பில் விழுந்தது.

பருத்தியாக இருந்தாலும் தீப்பற்றியிருக்கும். அதை நான் மறைக்கவில்லை. உண்மையில் பருத்தி நைலானைவிட விரைவாகவே பற்றும். ஆனால், நைலான் வெறுமனே எரிவதில்லை, அது உருகுகிறது. நைலான் 6 சுமார் 220 பாகை செல்சியஸிலும், நைலான் 66 சுமார் 260 பாகையிலும் பாகாகிவிடும். அந்தக் கொதிக்கும் பாகு தோலில் ஒட்டிக்கொண்டு, ஆறும்வரையில் சுட்டுக்கொண்டே இருக்கும். சின்னம்மாவின் வலக்கையில் நேர்ந்தது அதுதான். பதற்றத்தில், ஒட்டியிருந்த துணியை அண்டை வீட்டார் பிடித்து இழுத்தனர். தோலும் சேர்ந்து வந்தது. ஒருவர் புண்ணின்மேல் சோயாச் சாற்றை ஊற்றினார். அவர்கள் செய்தது அன்பினால்; ஆயினும் அறியாமையால்.

பல வாரங்கள் மருத்துவமனையில் இருந்து சின்னம்மா உயிர் பிழைத்தார். ஆனால் விரல்கள் மடங்கியபடியே நின்றுவிட்டன. அவர் பால்வெட்டுத் தொழிலாளி. அதன்பின் அவரால் கத்தியைப் பிடிக்க முடியவில்லை. தோட்டத்து வருமானத்தில் பாதி அன்றோடு நின்றது. அவர் பிள்ளைகளில் மூத்தவன் படிப்பை விட்டு வேலைக்குச் சென்றான். ஒரு முந்தானையால் விளைந்தது இவ்வளவு.

தாய்மார்களே, இதைச் சொல்வது உங்களை அச்சுறுத்துவதற்காக அன்று. அடுப்படிக்குச் செல்லும்போது பருத்தி உடை உடுத்துங்கள். முந்தானையை இடுப்பில் இறுகச் செருகிக்கொள்ளுங்கள். குத்துவிளக்கு ஏற்றும்போதும், கற்பூரம் காட்டும்போதும், பட்டாசு, மத்தாப்பு கொளுத்தும்போதும் பிள்ளைகளுக்கு மெல்லிய, தளர்ந்த செயற்கைத் துணிகளை அணிவிக்காதீர்கள். பளபளக்கும் கவுனைக் கோயிலுக்குப் போட்டுச் செல்லட்டும்; மத்தாப்புக் கொளுத்தும் நேரத்தில் பருத்திச் சட்டைக்கு மாற்றிவிடுங்கள். பருத்தியும் செயற்கை இழையும் கலந்த துணியில் இன்னும் விழிப்பு வேண்டும். அதில் பருத்தி விளக்குத் திரிபோல் நின்று எரிய, உருகிய இழை எண்ணெய்போல் அதற்கு உணவாகும்.

எவ்வளவு கவனமாக இருந்தும் தீப்பற்றிவிட்டால் என்ன செய்வது? ஓடக்கூடாது, ஓடினால் காற்றுப் பட்டுத் தீ வளரும். நின்று, தரையில் படுத்து, முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டு உருள வேண்டும். பக்கத்தில் இருப்பவர் கனமான பருத்திப் போர்வையால் மூடி அணைக்கலாம். தீ அணைந்ததும் வெந்த இடத்தைக் குழாயிலிருந்து ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். பனிக்கட்டி வேண்டா. வளையல், மோதிரம் ஆகியவற்றை வீக்கம் ஏறுமுன் கழற்றிவிட வேண்டும். ஒட்டாத துணியை நீக்கலாம். ஒட்டிய துணியை மட்டும் ஒருபோதும் இழுக்கக்கூடாது. அதை மருத்துவர் நீக்குவார். சோயாச் சாறு, பற்பசை, தேங்காய் எண்ணெய் எதையும் தடவாதீர்கள். தூய துணியால் தளர்வாக மூடி, மருத்துவமனைக்கு விரையுங்கள். அல்லது 999 எண்ணை அழையுங்கள்.

அமிலமும் நைலானும்

தோட்ட மக்களாகிய நாம் அறிந்திருக்க வேண்டிய மற்றொரு செய்தி உண்டு. துணியைப் பற்றிய நூல்கள் பல இதை வெறும் ஆய்வுக்கூடச் செய்தியாகவே கூறும். நமக்கோ இது தொழிற்செய்தி.

ரப்பர்ப் பாலை உறைய வைக்கப் பார்மிக் அமிலம் பயன்படுவதை நீங்கள் அறிவீர்கள். எறும்பின் உடலிலும் இருக்கும் அமிலம் இது. எறும்பைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்தே இதற்குப் பெயர் வந்தது. பாலில் சேர்ப்பதற்கு இதை நீரில் நன்கு கரைத்துத்தான் பயன்படுத்துகிறோம். ஆனால் கலனில் வரும் அமிலம் மிகச் செறிவானது. செறிந்த பார்மிக் அமிலத்தில் இட்டால், நைலான் சர்க்கரை தண்ணீரில் கரைவதுபோல் கரைந்துவிடும். இழை நைலானா என்று கண்டறிய ஆய்வுக்கூடங்களில் இந்தச் சோதனையையே செய்கின்றனர்.

இதன் பொருள் யாதெனில், அமிலத்தைக் கையாளும்போது நைலான் மேற்சட்டையோ, நைலான் கையுறையோ, நைலான் காலுறையோ உங்களைக் காக்காது. ரப்பர்க் கையுறை, ரப்பர்க் காலணி, முன்தடுப்பு, கண்ணாடி ஆகியவற்றையே அணிய வேண்டும். அமிலத்தை நீரில் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். நீரை அமிலத்தில் ஊற்றக்கூடாது. மேலே தெறித்தால் உடனே துணியைக் களைந்து, நிறைய நீரால் கழுவ வேண்டும். மோட்டார் சைக்கிள் மின்கலத்திலுள்ள கந்தக அமிலமும் நைலானைக் கெடுக்கும். பாலைக் கெடாமல் வைக்கச் சேர்க்கும் அமோனியாவோ காரப் பொருள். அத்தகைய காரங்களை நைலான் நன்கு தாங்கும்.

இன்று நம் வட்டாரத்தில் பல தோட்டங்கள் செம்பனைக்கு மாறிவிட்டன. எனினும், சிறு தோட்டக்காரர் பலர் இன்னும் பால் வெட்டுகின்றனர். அவர்களிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

வாங்குவதும் துவைப்பதும்

துணி வாங்கும்போது கழுத்துப் பகுதியிலோ ஓரத்திலோ உள்ள சிறு சீட்டைப் படியுங்கள். நைலான் என்றோ, மலாய் மொழியில் நிலோன் என்றோ இருக்கும். சில துணிகளில் போலியமைட் என்று அச்சிட்டிருப்பார்கள், அதுவும் நைலானே. எத்தனை விழுக்காடு என்பதையும் பாருங்கள். படிக்கத் தெரிந்த பிள்ளைகளை உடன் அழைத்துச் சென்றால், அவர்களுக்கும் அது ஒரு பாடம்.

சீட்டு இல்லாவிட்டால், துணியின் உள்மடிப்பிலிருந்து ஓரிரு நூலை உருவிச் சோதிக்கலாம். இதைப் பெரியவர்களே செய்ய வேண்டும்; நூலை இடுக்கியால் பிடித்து, கீழே பீங்கான் தட்டு வைத்து, மெழுகுவத்திச் சுடரின் அருகே கொண்டு செல்ல வேண்டும். பருத்தி, தாள் எரிவதுபோல் எரிந்து மென்மையான சாம்பலாகும். பட்டு, மயிர் கருகும் நாற்றத்துடன் எரியும். அதன் கரி விரலில் நொறுங்கும். நைலான் சுடரைக் கண்டதும் சுருங்கிப் பின்வாங்கும், உருகும், ஆறியபின் நொறுங்காத கடினமான மணியாகும். பாலியெஸ்டரும் உருகும், ஆனால் கரும்புகையுடன் கறுத்த மணியாகும். பட்டென்று சொல்லி விற்ற புடவை உண்மையில் பட்டுத்தானா என்பது ஒரே நூலில் தெரிந்துவிடும்.

துவைப்பதற்கு வெதுவெதுப்பான நீரும் மென்மையான சவர்க்காரமும் போதும். கொதிக்கும் நீர் வேண்டா. சூட்டில் விழும் சுருக்கம் நைலானில் நிலைத்துவிடும். முறுக்கிப் பிழியாமல் உதறி, நிழலில் தொங்கவிடுங்கள். வெள்ளையை வெள்ளையோடு மட்டும் துவையுங்கள். இஸ்திரி தேவையானால் மிகக் குறைந்த சூட்டில், ஒரு புள்ளி அடையாளமுள்ள நிலையில் வைத்து, துணியின் உட்புறத்தில் தேய்க்க வேண்டும். பருத்திக்கு வைக்கும் சூட்டை வைத்தால் துணி இளகி இஸ்திரிப் பெட்டியோடு ஒட்டிக்கொள்ளும்.

பழைய நைலான் துணியைக் குப்பையோடு சேர்த்து வீட்டருகே கொளுத்தாதீர்கள். அதன் புகையில் நச்சு வாயுக்கள் உண்டு. நைலான் மண்ணில் எளிதில் மக்குவதுமில்லை. ஆகவே, கிழிந்ததைத் தைத்துப் பயன்படுத்துங்கள். பையாகவோ, செடிகளைக் கட்டும் நாடாவாகவோ மாற்றிக்கொள்ளுங்கள்.

ஆடைக்கு அப்பால்

ஆடையைவிட்டு வெளியே வந்தாலும் நைலான் நம்மை விடுவதில்லை. நம் மாநிலத்துக் கடற்கரையில் மீனவர் வீசும் வலையில் அது இருக்கிறது. பூப்பந்து மட்டையின் நரம்பிலும், பையின் பற்சங்கிலியிலும் அது இருக்கிறது. 1969ஆம் ஆண்டில் மனிதர் முதன்முதலாக நிலவில் நாட்டிய கொடியும் நைலான் துணியே.

யாவற்றிலும் நமக்கு நெருக்கமானது டயர். பாரவண்டி, விமானம் ஆகியவற்றின் டயரைப் பிளந்து பார்த்தால், ரப்பருக்குள் நூல்துணி அடுக்கடுக்காகப் பதிந்திருப்பதைக் காணலாம். அவற்றில் பல நைலானால் ஆனவை. தமிழ்நாட்டில் சென்னையை அடுத்த மணலியில், எஸ்.ஆர்.எப். நிறுவனம் இத்தகைய நைலான் டயர்த் துணியை எழுபதுகளிலிருந்து நெய்து வருகிறது. ரப்பர் மட்டும் இருந்தால் டயர் உப்பி உருக்குலையும். நைலான் மட்டும் இருந்தால் சாலையில் ஓடவே இயலாது. இரண்டும் சேர்ந்தால் பல டன் எடையைத் தாங்கும். 1896ஆம் ஆண்டில் மலாக்காவில் ஊன்றிய மரத்தின் பாலும், அதே ஆண்டில் பிறந்த அறிஞரின் இழையும் ஒரு சக்கரத்துக்குள் ஒன்றாகச் சுழல்கின்றன.

அன்புடையீர்! இயற்கை இழை உயர்ந்தது, செயற்கை இழை தாழ்ந்தது என்று நான் கூறவில்லை. ஒவ்வொன்றுக்கும் உரிய இடம் உண்டு. மழைக்கு நைலான், அடுப்புக்குப் பருத்தி. பள்ளிப் பைக்கு நைலான்; பச்சிளங் குழந்தைக்குப் பருத்தி. விளையாட்டுத் திடலுக்கு நைலான் கலந்த உடை. தீபமும் மத்தாப்பும் உள்ள இடத்துக்குப் பருத்தி உடை. இதுவே அன்று இரவுச் சந்தையில் என்னைக் கேட்ட அந்தத் தாய்க்கு நான் தந்திருக்க வேண்டிய விடை.

என் சின்னம்மா இன்றும் இருக்கின்றார். தீபாவளிக்குச் செல்லும்போதெல்லாம், வீட்டுப் பெண்பிள்ளைகளின் முந்தானை நுனியைத் தம் மடங்கிய விரல்களால் தொட்டுப் பார்ப்பார். "பருத்திதானே?" என்று கேட்பார். இந்த ஆண்டு உங்கள் வீடுகளிலும் அந்தக் கேள்வி எழட்டும்.